ஊருக்குள் சோலார் கம்பெனி வந்தால் எந்தக் கதவை எப்போது தட்டுவது

மானூர்ப் பக்கம் எங்கள் ஊர்க் குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஓடை ஒன்று உண்டு. வருஷத்தில் முக்கால்வாசி நாள் அது வெறும் மணல் தடம்தான். ஆடு போகும், சைக்கிள் போகும். ஐப்பசி, கார்த்திகையில் மழை விழுந்தால் மட்டும் அது ஓடை. ஒரு வைகாசியில் அதன் குறுக்கே சோலார் கம்பெனியின் கம்பிவேலி வந்துவிட்டது. நாங்கள் இருபது பேர் லோடு வண்டி பிடித்து, திங்கள்கிழமை திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் உள்ள கலெக்டர் ஆபீசுக்குப் போனோம். மனுவை வாங்கிய அதிகாரி பொறுமையாகப் படித்துவிட்டு, “ஓடை எந்த சர்வே நம்பர், அண்ணாச்சி?” என்று கேட்டார். எங்களோடு வந்த பெரியவர், “பெரிய உடைமரத்துக்கு மேற்கே இருக்கு” என்றார். “நம்பர் இல்லாம தாசில்தாருக்கு நான் என்னன்னு எழுத?” என்றார் அதிகாரி. அவர் கேட்டதில் தப்பே இல்லை. நாங்கள்தான் நம்பரும் இல்லாமல், வேலி போட்டு முடித்தபிறகு போய் நின்றோம்.

அன்றைக்கு எங்களுக்குத் தெரியாமல் போனதை இங்கே எழுதுகிறேன். ஊரில் பெரிய சோலார் நிலையம் வரப்போகிறது என்று முதல்முறையாகக் கேள்விப்படும் நிலக்காரர்கள், வார்டு உறுப்பினர்கள், படித்துவிட்டு ஊரில் இருக்கும் பிள்ளைகள் ஆகியோருக்காகத்தான் இது. சோலார் வேண்டாம் என்று சொல்வது என் நோக்கம் இல்லை. வெயிலுக்குப் பஞ்சமில்லாத சீமை இது, மின்சாரம் நம் எல்லோருக்கும் வேண்டும். வருவது ஒழுங்காக, ஊரைக் கேட்டுக்கொண்டு வரவேண்டும், அவ்வளவுதான்.

கருத்துக்கேட்புக் கூட்டம் வரும் என்று காத்திருக்காதீர்கள்

பலரும் தவறுவது இந்த இடத்தில்தான். நம் மாவட்டத்துக்காரர்களுக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் என்றால் என்ன என்று தெரியும். 2007-இல் கூடங்குளத்தின் அடுத்த நான்கு அணு உலைகளுக்காக நடந்த கூட்டம் பலருக்கு நினைவிருக்கும். அதனால், பெரிய திட்டம் எது வந்தாலும் கலெக்டர் தலைமையில் கூட்டம் போடுவார்கள், அப்போது பேசிக்கொள்ளலாம் என்று இருந்துவிடுகிறோம்.

சோலாருக்கு அப்படி இல்லை. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கான 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி முன் அனுமதி வாங்கவேண்டிய திட்டங்களின் பட்டியலில் சூரிய ஒளித் தகடு வைக்கும் மின் நிலையம் கிடையாது. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2011-இலேயே இதைத் தெளிவாக்கிவிட்டது. மாசுக் கட்டுப்பாட்டில் இதை 2016-இல் வெள்ளை வகையில் சேர்த்தார்கள். வெள்ளை வகை என்றால் வாரியத்திடம் இசைவாணை வாங்கத் தேவையில்லை, தகவல் கொடுத்தால் போதும். முன் அனுமதி இல்லாததால் அதோடு வரும் கருத்துக்கேட்புக் கூட்டமும் இல்லை. மின் உற்பத்தி நிலையம் கட்ட உரிமமும் தேவையில்லை. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு அதைச் சொல்கிறது. கிரிட் என்கிற மின் தொகுப்போடு இணைப்பதற்கான தொழில்நுட்பத் தரத்தைப் பின்பற்றினால் யாரும் கட்டலாம்.

ஆக, ஊர் முழுவதும் ஒரே நாளில் கூடிப் பேசும் பெரிய வாசல் இதில் கிடையாது. சின்னச் சின்னக் கதவுகள் பல உண்டு. வருவாய்த்துறை, ஊராட்சி, மின்வாரியம், ஒழுங்குமுறை ஆணையம் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில், ஒவ்வொரு நேரத்தில் திறக்கும். எது எப்போது திறக்கும் என்று தெரிந்தவர் பேச்சு எடுபடும்.

முதல் வேலை: நம்பர் எடுப்பது

தரகர்கள் ஊருக்குள் வந்து “புஞ்சை ஏதும் விலைக்கு உண்டா, குத்தகைக்கு விடுவீங்களா” என்று கேட்க ஆரம்பிக்கும்போதே உங்கள் வேலையும் ஆரம்பிக்க வேண்டும். ஒரு மெகாவாட்டுக்கு நாலிலிருந்து ஐந்து ஏக்கர் வேண்டும். ஐம்பது மெகாவாட் என்றால் இருநூறு, இருநூற்றைம்பது ஏக்கர். அவ்வளவு நிலம் ஒருவரிடம் இருக்காது, சில்லறை சில்லறையாகத்தான் சேர்ப்பார்கள். சேர்க்க மாதக்கணக்கில் ஆகும். அந்த மாதங்கள்தான் உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம்.

முதலில் உங்கள் ஊர் எந்த மாவட்டம் என்று பாருங்கள். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமான பிறகும் சங்கரன்கோவில், ஆலங்குளம் பக்கத்துக்காரர்கள் சிலர் பழக்கத்தில் கொக்கிரகுளத்துக்கே மனு கொண்டுவருகிறார்கள். திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மானூர், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, நாங்குநேரி, ராதாபுரம், திசையன்விளை ஆகிய எட்டு வட்டங்கள்தான் இப்போது திருநெல்வேலி மாவட்டம்.

அப்புறம் அ-பதிவேடும் புலப்படமும். பட்டா, சிட்டா எல்லோருக்கும் தெரியும், இந்த இரண்டும் அவ்வளவாகத் தெரியாது. அ-பதிவேட்டில் ஊரின் ஒவ்வொரு சர்வே நம்பரும் என்ன நிலம் என்று இருக்கும். நஞ்சை, புஞ்சை, ஓடை, வண்டிப்பாதை, மேய்ச்சல் புறம்போக்கு, மயானம் எல்லாம் அதில் வரும். புலப்படம் அந்த நம்பரின் வரைபடம், அளவோடு இருக்கும். இரண்டையும் அரசின் இணையச் சேவைப் பக்கத்தில் நம்பர் போட்டுப் பார்க்கலாம். கிராம நிர்வாக அலுவலரிடமும் கேட்கலாம்.

எங்கள் ஓடை விஷயத்தில் நடந்ததைச் சொல்கிறேன். நம்பர் தேடியபோது, வேலி நின்ற இடம் கணினிப் பதிவில் இரண்டு பட்டாதாரர்களின் புஞ்சையாக இருந்தது. நாங்கள் அதோடு விட்டிருப்போம். தாலுகா ஆபீசில் பழைய பதிவேட்டையும் பாருங்கள் என்று தலையாரி ஒருவர்தான் சொன்னார். நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்து எழுதிய நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய பதிவேட்டில் அதே இடத்தின் ஒரு துண்டு ஓடை என்றே இருந்தது. புலப்படத்தில் இரண்டு கோடு இணையாகப் போய்க் குளத்துக்கரையில் முடிந்தது. அந்த ஒரு நகல் கைக்கு வந்தபிறகு எங்கள் மனுவைப் பார்த்தவர்களின் பேச்சே மாறிவிட்டது. அதனால் பழைய பதிவேடு, புதிய பதிவேடு இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பார்க்கும்போது மூன்று வகை நிலத்தைச் சிவப்பு மையில் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, பஞ்சமி நிலம். 1892 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று நிபந்தனையோடு ஒப்படைக்கப்பட்ட நிலம் இது, மற்றவர் வாங்கினால் செல்லாது. இரண்டு, நிலமற்றவர்களுக்கென்று தானமாக வந்த பூமிதான நிலம். மூன்று, கோயில் நிலம். நம் சீமையில் கோயில் நிலம் இல்லாத ஊர் குறைவு. 1959-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34-ஆவது பிரிவுப்படி, கோயில் நிலத்தை விற்கவோ ஐந்து வருஷத்துக்கு மேல் குத்தகைக்கு விடவோ ஆணையரின் அனுமதி வேண்டும். அனுமதி தருவதற்கு முன் விவரத்தை வெளியிட்டு ஆட்சேபணை கேட்க வேண்டும். சட்டமே உங்களைக் கேட்கும் கதவு இது. அந்த அறிவிப்பைக் கவனிக்க ஊரில் ஒருவர் பொறுப்பெடுத்துக்கொள்வது நல்லது.

நிலக்காரர் கையெழுத்துப் போடும் முன்

இந்த நில விவகாரத்தில் நான் அதிகம் வருத்தப்பட்டது குத்தகைப் பத்திரத்தைப் பார்த்துத்தான். இருபத்தைந்து, முப்பது வருஷக் குத்தகை. நமக்குப் பிறகு பிள்ளைகள் அனுபவிக்கப் போகும் காலம் அது. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும், வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுப்பது பிறகு கைகொடுக்காது. பவர் பத்திரம் கேட்டால் யார் பெயருக்கு, எதற்கு, எத்தனை நாளைக்கு என்று படித்துப் பார்க்காமல் கொடுக்கவே கூடாது. குத்தகைத் தொகை எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை எவ்வளவு உயரும், கம்பெனி கைமாறினால் பத்திரம் யாரைக் கட்டுப்படுத்தும், நிலத்தை அடமானம் வைக்க அவர்களுக்கு உரிமை உண்டா என்று கேளுங்கள். காலம் முடிந்தபின் தகடு, காங்கிரீட் தூண், கேபிள் எல்லாவற்றையும் யார் செலவில் எடுத்து நிலத்தைப் பழையபடி தருவார்கள் என்பதும் எழுத்தில் வரவேண்டும். 2022-ஆம் ஆண்டு மின்னணுக் கழிவு விதிகளில் சோலார் தகடும் சேர்ந்திருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டி ஒரு வரி சேர்க்கச் சொல்லலாம்.

கம்பெனிக்கு நில உச்சவரம்பும் உண்டு. 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி 15 ஸ்டாண்டர்டு ஏக்கருக்கு (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) மேல் வைத்திருக்க அரசின் அனுமதி வேண்டும். தொழில் நிறுவனங்களுக்கு அந்த அனுமதியைக் கொடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. வாங்கியிருக்கிறார்களா என்று கேட்பது உங்கள் உரிமை.

பனை இருந்தால் அதையும் எண்ணி வையுங்கள். ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் புஞ்சை என்றால் பனையும் வடலியும் சேர்ந்ததுதான். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று 2021-ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. இயந்திரம் வந்து ஒரே ராத்திரியில் சாய்த்தபிறகு எத்தனை மரம் நின்றது என்று யாரும் நிரூபிக்க முடியாது. இப்போதே போட்டோ எடுத்து, சர்வே நம்பர்வாரியாக எண்ணிக்கை எழுதி வையுங்கள்.

ஊராட்சியும் கிராம சபையும்

ஊராட்சி எல்லைக்குள் கட்டடம் எழுப்பவும் இயந்திரம் நிறுவவும் ஊராட்சியின் அனுமதி வேண்டும். விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற நகர் ஊரமைப்புத் துறை வழியாகப் போக வேண்டும். நஞ்சையாக இருந்தால் கெடுபிடி கூடுதல். எந்தத் தீர்மான எண்ணில், எந்தத் தேதியில் ஊராட்சி அனுமதி கொடுத்தது என்று கேட்டு நகல் வாங்குங்கள்.

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு நாள் கூடும். குறைந்தது இத்தனை பேர் வரவேண்டும் என்ற குறைவெண்வரம்பு ஒன்று உண்டு. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வரவேண்டும். ஆள் குறைந்தால் தீர்மானம் நிற்காது. பெண்கள் வேலைக்குப் போகும் நாளாக இருந்தால் முந்தின நாளே வீடுவீடாகச் சொல்லி வையுங்கள்.

கிராம சபைத் தீர்மானம் மட்டுமே ஒரு சோலார் நிலையத்தை நிறுத்திவிடாது. அப்படி யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் ஊர் என்ன கேட்டது, எந்தத் தேதியில் கேட்டது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. “சோலார் வேண்டாம்” என்று மொட்டையாக எழுதுவதைவிட, “சர்வே எண் இன்னதில் உள்ள ஓடையை இத்தனை மீட்டர் அகலத்துக்கு மறிக்காமல் விட வேண்டும், வண்டிப்பாதை சர்வே எண் இன்னது திறந்திருக்க வேண்டும், கிடை ஆடு போக வழி வேண்டும்” என்று எழுதுங்கள். அப்படிக் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

தண்ணீர்க் கணக்கையும் அங்கேயே கேளுங்கள். ஆடிக்காற்றில் நம் கரிசலிலும் செவலிலும் எழும் தூசி தகட்டில் படியும், கழுவாமல் விட்டால் உற்பத்தி குறையும். 550 வாட் தகடு என்றால் ஒரு மெகாவாட்டுக்குச் சுமார் 1,800 தகடு வரும். ஐம்பது மெகாவாட்டுக்கு 90,000. ஒரு தகட்டுக்கு இரண்டு லிட்டர் என்று வைத்துக்கொண்டாலும், ஒருமுறை கழுவ 1,80,000 லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரி பதினைந்து. மாதத்துக்கு எத்தனை முறை, எந்தக் கிணறு, எத்தனை அடி போர், தண்ணீர் இல்லாமல் பிரஷ்ஷால் துடைக்கும் முறை வைத்திருக்கிறார்களா? சித்திரையில் குடிக்கவே தண்ணீர் லாரி வரும் ஊரில் இது சின்னக் கேள்வி இல்லை.

மழைத்தண்ணீரும் அப்படித்தான். மேடு பள்ளத்தை எல்லாம் மட்டப்படுத்தினால் தண்ணீர் போகும் போக்கு மாறும். 2023 டிசம்பரில் தாமிரபரணிச் சீமை முழுக்க வெள்ளத்தில் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வடிகால் வரைபடத்தைக் கேட்டு வாங்கி, ஊரில் மழை பார்த்த பெரியவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு அந்த இடத்தை நடந்து பாருங்கள்.

மலை, காடு, பறவை

மேற்கே மலையடிவாரம் என்றால் ஊர் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் உள்ளதா என்றும், களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் சூழல் எல்லைக்குள் வருமா என்றும் வனத்துறையிடம் கேளுங்கள். நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயமும், கங்கைகொண்டானில் புள்ளிமான் சரணாலயமும் இருக்கின்றன. ராதாபுரம் கடலோரம் என்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டலம் வரும். சோலாருக்குச் சுற்றுச்சூழல் முன் அனுமதி இல்லையென்றாலும் இந்தச் சட்டங்கள் எதுவும் விலகிப்போவதில்லை. சுற்றுச்சூழல் சட்டம் மீறப்பட்டிருந்தால் சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போகலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம்தான் கெடு, மறந்துவிடக் கூடாது.

மின்வாரியத்தில் நடப்பது

கம்பெனி நிலம் சேர்த்துக்கொண்டிருக்கும்போதே இணைப்புக்கு விண்ணப்பம் போட்டுவிடும். மரபுசாரா எரிசக்திப் பிரிவுக்குத் திருநெல்வேலியில் மேற்பார்வைப் பொறியாளர் அலுவலகம் இருக்கிறது. 2024-இல் வாரியத்தைப் பிரித்தபோது இந்த வேலைகளுக்கென்று தமிழ்நாடு பசுமை எரிசக்திக் கழகம் வந்தது. எந்தத் துணைமின் நிலையத்துக்கு எவ்வளவு சுமை தாங்கும் என்று, உயர் அழுத்த லைன்களைப் பார்த்துக்கொள்ளும் மின் தொடரமைப்புக் கழகம் ஆய்வு செய்து, எந்த வழியாக லைன் போகும் என்று ஒப்புதல் தரும். கடைசியில் மின் ஆய்வுத் துறை பாதுகாப்புச் சான்று கொடுத்தபிறகுதான் மின்சாரம் ஓடும்.

இங்கே பொதுமக்களைக் கூப்பிட மாட்டார்கள். தகவல் உரிமைச் சட்டம்தான் வழி. பத்து ரூபாய்க் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, தமிழிலேயே எழுதலாம். முப்பது நாளில் பதில் வரவேண்டும். வராவிட்டால் முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. “எங்கள் கிராமத்தில் உள்ள சோலார் திட்ட விவரம் எல்லாம் தருக” என்று கேட்டால் பதிலும் பொதுவாகத்தான் வரும். இணைப்பு விண்ணப்பத்தின் தேதி, திறன், இணையும் துணைமின் நிலையம், லைன் போகும் பாதையின் வரைபடம், ஒப்புதல் ஆணையின் நகல் என்று தனித்தனியாக எண்ணிட்டுக் கேளுங்கள்.

லைன் உங்கள் வயலில் வந்தால்

நிலையம் பக்கத்து ஊரில் இருக்கும், கோபுரம் உங்கள் வயலில் நிற்கும். சாதாரணமாக, நிலக்காரர் சம்மதம் இல்லாமல் கம்பம் நட முடியாது. ஆட்சேபணை சொன்னால் மாவட்ட ஆட்சியர் விசாரித்து எழுத்தில் அனுமதி தரவேண்டும். ஆனால் மின்சாரச் சட்டத்தின் 164-ஆவது பிரிவில் ஒரு நிறுவனத்துக்குத் தந்தித் துறையின் பழைய அதிகாரத்தை அரசு கொடுத்திருந்தால் கதை வேறு. அப்போது சம்மதம் கேட்கத் தேவையில்லை, இழப்பீடு மட்டும்தான். ஆட்கள் அளக்க வந்ததும் சண்டை போடாமல், “இந்த லைனுக்கு 164 ஆணை இருக்கிறதா, நகல் கொடுங்கள்” என்று கேளுங்கள். ஆணை இல்லை என்றால் பேச்சுவார்த்தையில் உங்கள் கை ஓங்கும். உயர் அழுத்த லைன் போகும் கிராமங்களின் பட்டியலோடு நாளிதழில் அறிவிப்பு வரும். அதில் உங்கள் ஊர்ப் பெயர் இருந்தால் கெடுவுக்குள் எழுத்தில் ஆட்சேபணை அனுப்பிவிடுங்கள்.

இழப்பீட்டுக்கு மத்திய மின் அமைச்சகத்தின் வழிகாட்டுதல் இருக்கிறது. 2015-இல் கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பிக்குக் கீழே உள்ள பாதைக்கு 15 சதவீதம் வரை என்றார்கள். 2024-இல் அதை 200 சதவீதம், 30 சதவீதம் என்று உயர்த்தினார்கள். உங்கள் லைனுக்கு எந்த ஆணைப்படி கணக்குப் போடுகிறார்கள் என்று கலெக்டர் ஆபீசில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தந்திச் சட்ட அதிகாரத்தில் போட்ட லைனுக்குத் தந்த தொகை போதவில்லை என்றால் மாவட்ட நீதிபதியிடம் போகலாம்.

ஒழுங்குமுறை ஆணையம்

கட்டணம், கொள்முதல் விலை, வீலிங் கட்டணம் (வாரியத்தின் கம்பி வழியாக மின்சாரம் கொண்டுபோகத் தரும் கட்டணம்) எல்லாவற்றையும் முடிவு செய்வது சென்னையில் உள்ள தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். ஒரு ஓடையைத் திறந்துவிடச் சொல்ல அதற்கு அதிகாரம் கிடையாது. ஆனால் யாருடைய செலவில் சோலார் வளர்கிறது என்பதை அங்கேதான் தீர்மானிக்கிறார்கள். சோலார் கொள்முதல் விலையை 2014-இல் யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 பைசா என்றும், 2016-இல் 5 ரூபாய் 10 பைசா என்றும் வைத்தது இந்த ஆணையம். உத்தரவுக்கு முன் கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டுக் கருத்துக் கேட்பார்கள். மின்சாரச் சட்டத்தின் 64-ஆவது பிரிவுப்படி கட்டண மனு மீது வந்த ஆட்சேபணைகளைப் பரிசீலித்த பிறகே உத்தரவு போட முடியும். மின் தொடரமைப்பு உரிமம் கேட்டு யாராவது விண்ணப்பித்தால், அறிவிப்பு வெளியாகி முப்பது நாளுக்குள் ஆட்சேபிக்கலாம்.

2022 ஆகஸ்டில் மின்கட்டண மனு மீது கோவை, மதுரை, சென்னையில் கூட்டம் நடத்தினார்கள். நமக்குப் பக்கம் மதுரைதான். காலையிலேயே போய்ப் பெயர் கொடுத்துவிடுங்கள், தமிழில் பேசலாம். இரண்டு பக்கத்துக்கு மிகாமல் எழுதிக் கையில் கொடுப்பது பேசுவதைவிட முக்கியம், உத்தரவு எழுதும்போது அவர்கள் முன் இருப்பது அந்தத் தாள்தான். ஆணையத்தின் உத்தரவில் குறை இருந்தால் 45 நாளுக்குள் மின்சாரத்துக்கான மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

மனு எழுதும் முறை

ஒரு மனுவில் ஒரு விஷயம் மட்டும் எழுதுங்கள். நாங்கள் முதலில் எழுதியதில் ஓடை, வேலைவாய்ப்பு, ரோடு, லாரிச் சத்தம் எல்லாம் இருந்தது. அது நாலு துறைக்குப் போய் எங்குமே நிற்கவில்லை. இரண்டாவது மனுவில் ஓடையை மட்டும் எழுதினோம். சர்வே எண், பழைய பதிவேட்டு நகல், புலப்படம், வேலியின் போட்டோ, கிராம சபைத் தீர்மான நகல், இவ்வளவுதான் இணைப்பு. திங்கள்கிழமை மனு கொடுத்ததும் வரும் ரசீது எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டோம். மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் அதே எண்ணைச் சொல்லிக் கேட்டோம். அங்கே எல்லாத் துறை அதிகாரிகளும் ஒரே அறையில் இருப்பதால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்ட முடியாது.

சர்வேயர் வந்து சங்கிலி போட்டு அளந்தார். வேலியில் ஆறு மீட்டர் பிரித்து, அடியில் ஒரு குழாய் பதித்தார்கள். அடுத்த கார்த்திகையில் தண்ணீர் வந்தது. ஆனால் குழாய் சின்னது. பெருமழையில் பாதித் தண்ணீர் பக்கத்துப் புஞ்சையில் ஏறி, ஒருவர் போட்டிருந்த உளுந்து அழுகிவிட்டது. அதைப் போட்டோ எடுத்து, தண்ணீர் ஏறிய உயரத்தை வேலிக்கல்லில் பெயிண்டால் குறித்து வைத்திருக்கிறோம். குழாயை எடுத்துவிட்டுப் பாலம் கட்டித் தரவேண்டும் என்ற தீர்மானம் மே 1 கிராம சபைக்குத் தயாராக இருக்கிறது.